‘அறுவைச் சிகிச்சை வேண்டாம்’ என்று மருத்துவர் சொல்வது ஏன்?

சென்ற ஆண்டு, எங்கள் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவுக்கு ஓர் இளைஞர் தம் தாயாருடன் வந்தார். வயது 24. பொறியியல் படித்தவர். பெருந்தொற்றுக் காலம் முடிந்து நெடுநாள் ஆகியும் அவர் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. குழல்விளக்கின் ஒளி நேராக விழும் நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்தார். கைப்பேசியைத் திறந்து படங்களைக் காட்டத் தொடங்கினார். அறுபது, எழுபது படங்கள் இருக்கும். அனைத்தும் அவருடைய மூக்கின் படங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டமிட்டு ஓரிடத்தைக் குறித்திருந்தார்.

“மூக்குத் தண்டில் இந்த மேடு தெரிகிறதா, டாக்டர்? பேருந்தில் எதிரே உட்காருபவர்கள் எல்லாரும் இதைத்தான் பார்க்கிறார்கள்” என்றார்.

முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. விரல் வைத்துத் தடவியபோது மிகச் சிறிய மேடு ஒன்று தட்டுப்பட்டது. நம்மில் பலருக்கும் அப்படி இருக்கும். மூச்சு விடுவதில் அவருக்குச் சிரமம் இல்லை. மூக்கின் நடுச்சுவரும் நேராகவே இருந்தது. ஆனால் அந்த மேட்டின் பொருட்டு அவர் கிடைத்த வேலையை எட்டே மாதங்களில் விட்டிருந்தார். உறவினர் திருமணங்களுக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். இருட்டிய பிறகே வீட்டைவிட்டு வெளியே வந்தார். தாயார் தம் வளையல்களை அடகு வைத்துப் பணம் திரட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அரை மணி நேரம் பேசிய பிறகு, “தம்பி, இந்த அறுவைச் சிகிச்சையை உங்களுக்கு நான் செய்யப்போவதில்லை” என்றேன். இளைஞர் தலைகுனிந்துகொண்டார். தாயாருக்குத்தான் கோபம் வந்தது. “பணம் கட்டுகிறோம் என்கிறோம். பிள்ளை ஒரு வருடமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. நீங்களே முடியாது என்றால் நாங்கள் எங்கே போவது, டாக்டர்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வெவ்வேறு சொற்களில் பல குடும்பத்தினர் இதே கேள்வியை எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஆலோசனை அறையின் சில நிமிடங்களில் சொல்ல முடியாமற்போன விடையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். இதில் குறிப்பிடப்படுவோரின் அடையாளங்கள் அனைத்தும் மாற்றப்பட்டுள்ளன.

அழகை விரும்புவது நோயன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தம் தோற்றத்தை மேம்படுத்திக்கொள்ள விரும்பி மருத்துவரை நாடுவதில் தவறொன்றும் இல்லை. தீக்காயத் தழும்பு, பிறவியில் அமைந்த உதட்டுப் பிளவு, விபத்தில் சிதைந்த முகம் ஆகியவற்றைச் சீரமைப்பது எங்கள் துறையின் முதன்மைப் பணி. முன்துருத்திய காதுகளைச் சரிசெய்வதும், பெரிதாகத் தோன்றும் மூக்கைத் திருத்துவதும் அதே துறையின் மற்றொரு பணி. தெரிவு சரியாக அமைந்தால், இத்தகைய அழகியல் அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோர் நிறைவடைந்து, பின்னர் அதை மறந்தும் விடுகிறார்கள். அப்படி மறந்துவிடுவதுதான் நல்ல விளைவின் அடையாளம்.

அவர்களுக்குப் பொதுவான ஒரு பண்பு உண்டு. எதைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் சுட்டுகிறார்களோ, அது மருத்துவரின் கண்ணுக்கும் தெரிகிறது. அக்குறை அவர்களுக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் அவர்கள் வேலைக்குச் செல்கிறார்கள், நண்பர்களைச் சந்திக்கிறார்கள், உறங்குகிறார்கள். மேற்சொன்ன இளைஞரின் நிலை அப்படிப்பட்டதன்று.

அவருக்கு இருந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ‘பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்’ என்று பெயர். சுருக்கமாக பி.டி.டி. என்பர். தமிழில் ‘தோற்றப் பிறழ்வுணர்வு நோய்’ எனலாம். பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிதாகவே தெரியும் ஒரு குறையைப் பெரும் விகாரமாக உணர்வதும், அந்த எண்ணத்திலிருந்து விடுபட முடியாமல் அன்றாட வாழ்வு குலைவதும் இந்நோயின் இலக்கணம்.

பழைய நோய், புதிய பெயர்

செல்ஃபியும் சமூக ஊடகமும் தோற்றுவித்த நோய் இது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இத்தாலிய உளநல மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1891இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்நோயை விவரித்து, ‘டிஸ்மார்ஃபோஃபோபியா’ என்று பெயரிட்டார்.

உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் ஃப்ராய்டின் புகழ்பெற்ற நோயாளிகளுள் ஒருவர், மருத்துவ நூல்களில் ‘ஓநாய் மனிதர்’ என்று குறிப்பிடப்படும் ரஷ்யர். அவர் 1926இல் ரூத் மேக் பிரன்ஸ்விக் என்னும் பெண் மருத்துவரிடம் சிகிச்சைக்குச் சென்றார். தம் மூக்கு கெட்டுவிட்டது என்பது அவரது முறையீடு. சட்டைப் பையில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, அதை அடிக்கடி எடுத்து மூக்கைப் பார்த்துக்கொள்வார். இன்று அந்தக் கண்ணாடியின் இடத்தைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா பிடித்திருக்கிறது. மற்றபடி நோய் அதேதான்.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1987இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இப்போதைய பெயர் இடம்பெற்றது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓ.சி.டி.யின் குடும்பத்தில் இதைச் சேர்த்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 11ஆம் நோய் வகைப்பாட்டிலும் இதற்குத் தனியிடம் உண்டு. இந்தக் குடும்ப உறவைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கையில் அழுக்கு இருக்கிறது என்ற எண்ணத்தால் பத்து முறை கழுவுபவருக்கு எப்படிப் பதினோராவது முறை கழுவுவது தீர்வாகாதோ, அப்படியே இந்நோயில் மூக்கைத் திருத்துவதும் தீர்வாவதில்லை.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கு இந்நோய் இருப்பதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அழகியல் அறுவைச் சிகிச்சைக்காக வருபவர்களிடையே இது நூற்றுக்குச் சுமார் 13 முதல் 15 பேர் வரை உயர்கிறது. மூக்கைத் திருத்த வருபவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும். தோல் மருத்துவர்களிடமும் பல் சீரமைப்பு மருத்துவர்களிடமும் இவர்கள் மிகுதியாகச் செல்கின்றனர். உளநல மருத்துவரிடம் கடைசியாகவே வருகின்றனர். பலர் வருவதே இல்லை.

பெரும்பாலும் விடலைப் பருவத்தில், 12 வயதிலிருந்து 17 வயதுக்குள் இது தலைகாட்டுகிறது. பெண்களுக்கே உரிய நோய் என்ற எண்ணமும் தவறு. ஆண்களுக்கும் ஏறத்தாழ அதே அளவில் வருகிறது. தோல், மூக்கு, தலைமுடி ஆகிய மூன்றும் மிகுதியாகக் கவலைக்கு உள்ளாகும் உறுப்புகள். ஆண்களில் சிலருக்கு, நன்கு வளர்ந்த உடற்கட்டு இருந்தும் தாம் ஒல்லியாகவே இருப்பதாகத் தோன்றும். உடற்பயிற்சிக் கூடத்திலேயே நாளைக் கழித்து, தீங்கு விளைவிக்கும் ஊக்கமருந்துகளையும் நாடும் இந்த வகைக்குத் ‘தசைப் பிறழ்வுணர்வு’ என்று பெயர்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பது, அல்லது அதற்கு நேர்மாறாக வீட்டிலுள்ள கண்ணாடிகளை எல்லாம் மூடி வைப்பது, முகக்கவசம், தொப்பி, துப்பட்டா, அடர்ந்த ஒப்பனை ஆகியவற்றால் எப்போதும் ஓரிடத்தை மறைப்பது, முகத்தோலைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்குவது, தம் முகத்தைப் பிறர் முகத்தோடு ஓயாமல் ஒப்பிடுவது, “நன்றாகத் தெரிகிறதா? உண்மையைச் சொல்” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. சராசரியாக நாளொன்றுக்கு 3 முதல் 8 மணி நேரம் வரை இந்த எண்ணங்களே நோயாளியை ஆட்கொள்கின்றன. எட்டு மணி நேரம் என்பது ஒரு முழு வேலைநாள்.

கண் பொய் சொல்வதில்லை, பிறகு ஏன்?

“அவன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?” என்று பெற்றோர் கேட்பர். கண்ணில் கோளாறு இல்லை. கண் கொண்டுவரும் செய்தியை மூளை கையாளும் முறையில் வேறுபாடு இருக்கிறது. நாம் ஒருவர் முகத்தைப் பார்க்கும்போது முழு முகத்தையும் ஒரே வடிவமாக உணர்கிறோம். பிறகே தேவையானால் விவரங்களைக் கவனிக்கிறோம். இந்நோய் உள்ளவர்களின் மூளையோ பிறர் முகத்தைப் பார்க்கும்போதுகூட நுண்விவரங்களைத் துருவிப் பார்க்கவே முற்படுவதை மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. கோலம் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு புள்ளியை மட்டும் உற்று நோக்கினால், அப்புள்ளி சற்றுப் பிசகியிருப்பதே கண்ணை உறுத்தும்.

இதற்கு மரபுக் கூறுகளும் காரணமாகலாம். பிஞ்சு வயதில் கேட்ட கேலிச் சொற்களும் துணைபோகலாம். கைப்பேசியும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கும்போது, முன்னே நிற்கும் மூக்கு மற்ற உறுப்புகளைவிடப் பெரிதாகப் பதிவாகும். 2018இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கணக்கீட்டின்படி, ஐந்தடித் தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிடும்போது ஓரடித் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. இளைஞர் எனக்குக் காட்டிய அறுபது படங்களும் கை நீளத்துக்குள் எடுக்கப்பட்டவையே.

ஆனால் இதைச் சொன்னால் நோய் தீர்ந்துவிடாது. நோயாளிகளில் பலர் தாம் காண்பதே உண்மை என்று உறுதியாக நம்புகின்றனர். ‘உன் கற்பனை’ என்பது அவர்கள் காதில் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றே விழுகிறது. அவர்கள் படும் துன்பம் கற்பனையன்று. அதை முதலில் நாம் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

நான் செய்த பிழை

‘ஒருமுறை செய்துதான் பார்ப்போமே, மனநிறைவு கிடைத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான்.

நான் இத்துறையில் பணியைத் தொடங்கிய காலத்தில், முப்பதைக் கடந்த ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். சிறுவயதில் விழுந்ததால் மேலுதட்டின் மேல் ஏற்பட்ட ஒரு மெல்லிய தழும்பை அகற்ற வேண்டும் என்றார். தழும்பு சிறிதுதான், ஆனால் இருந்தது. எளிய அறுவைச் சிகிச்சை. செய்தேன். தழும்பு முன்னைவிட மெலிந்தது. மூன்று வாரம் மகிழ்ச்சியாக இருந்தார். பிறகு, அந்த இடம் சிவந்து தெரிகிறது என்று வந்தார். மீண்டும் திருத்தச் சொல்லி வற்புறுத்தினார். அவருடைய கண்ணீரைக் கண்டு இரண்டாம் முறையும் செய்தேன். ஆறு மாதம் கழித்து வந்தவர், தழும்பைப் பற்றிப் பேசவே இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூக்குத் துளைகள் இரண்டும் சமமாக இல்லை என்று கூறி, அளவுகோல் வைத்து அளந்த படங்களை நீட்டினார்.

அதன்பின் அவர் வேறு மருத்துவமனைகளுக்குச் சென்றார். ஓராண்டுக்குப் பின்னர், அவர் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார் என்ற செய்தியை அவர் கணவர் வந்து சொன்னார். என் மீது குறை சொல்ல அவர் வரவில்லை. “நீங்களாவது முதலிலேயே எங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கலாமே, டாக்டர்” என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மையாரின் தழும்பை நான் மில்லிமீட்டர் கணக்கில் அளந்திருந்தேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதைப் பற்றி நினைக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கத்தியை எடுத்திருக்க மாட்டேன்.

எனக்கு நேர்ந்தது தனிப்பட்ட நிகழ்வு மட்டுமன்று. இந்நோய் உள்ளவர்கள் அழகியல் சிகிச்சை பெற்றுக்கொண்ட பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், நோய் நிலையாகத் தணிவது மிகச் சிலருக்கே என்று கண்டுள்ளனர். பெரும்பாலோருக்கு மாற்றம் ஏதும் இல்லை. சிலருக்கு நிலை மோசமாகிறது. பலருக்குக் கவலை ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு இடம்பெயர்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு ‘இயற்கை இப்படிப் படைத்துவிட்டதே’ என்று வருந்தியவர், அதன் பின்பு ‘நானே என் முகத்தைக் கெடுத்துக்கொண்டேனே’ என்று தம்மையே நொந்துகொள்கிறார். இந்தக் குற்றவுணர்வு ஏற்கெனவே உள்ள துன்பத்தைப் பன்மடங்காக்குகிறது. இந்நோயில் தற்கொலை எண்ணம் பொதுமக்களிடம் காண்பதைவிட மிக அதிகம் என்பதால், இதனை எந்த மருத்துவரும் இலேசாகக் கொள்ளலாகாது.

எங்கள் கேள்விகளுக்கு என்ன பொருள்?

இக்காரணத்தால், தோற்றத்தை மாற்றிக்கொள்ள விரும்பி வருவோரிடம் இப்போது சில கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். இந்தக் குறையைப் பற்றி நாள்தோறும் எவ்வளவு நேரம் சிந்திக்கிறீர்கள்? இதனால் வேலை, படிப்பு, உறவு எதையேனும் விட்டுவிட்டீர்களா? இதற்கு முன் எத்தனை மருத்துவர்களைப் பார்த்தீர்கள், என்ன சிகிச்சைகள் பெற்றீர்கள், அவற்றில் நிறைவு உண்டா? வீட்டில் இருப்பவர்களுக்கு இக்குறை தெரிகிறதா? இது சரியானால் உங்கள் வாழ்வில் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கான விடை மிகவும் பயனுள்ளது. ‘கண்ணாடி அணியும்போது மூக்கில் சரியாக நிற்கும்’ என்பவரின் எதிர்பார்ப்பை அறுவைச் சிகிச்சை நிறைவேற்றக்கூடும். ‘எல்லாரும் என்னை மதிப்பார்கள், வாழ்க்கையே மாறிவிடும்’ என்பவரின் எதிர்பார்ப்பை எந்தக் கத்தியாலும் நிறைவேற்ற முடியாது.

இக்கேள்விகளைக் கேட்கும்போது சிலர் மனம் புண்படுகின்றனர். ‘மூக்கைக் காட்ட வந்தால் மனதைப் பற்றிக் கேட்கிறார்களே’ என்பது அவர்கள் வருத்தம். அறுவைச் சிகிச்சைக்கு முன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பது போன்றதே இதுவும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயில் புண் ஆறுவது கடினம் என்பதால் தள்ளிவைக்கிறோம். இங்கும் அதே காரணத்துக்காகவே நிறுத்துகிறோம். எங்கள் விடைகளில் ஐயம் எழுந்தால், உளநல மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்னரே மேற்கொண்டு முடிவெடுக்கிறோம். உங்கள் விடைகள் மருத்துவ ஆவணத்தின் பகுதி. அவை வெளியே செல்லா.

குணமாகும் வழி

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இரண்டு முறைகளைப் பரிந்துரைத்தன. இன்றும் அவையே சிகிச்சையின் அடிப்படை.

முதலாவது, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. பயிற்சி பெற்ற உளவியலாளரோ உளநல மருத்துவரோ வாரந்தோறும் சந்தித்துச் சில மாதங்கள் நடத்துவது. வெறும் அறிவுரையாக அது அமைவதில்லை. எடுத்துக்காட்டாக, முகக்கவசமின்றிப் பக்கத்துக் கடைக்குச் சென்று பால் வாங்கி வருவது முதல் வாரப் பயிற்சியாக இருக்கலாம். போவதற்கு முன் ‘கடைக்காரர் என் மூக்கையே பார்ப்பார்’ என்று எழுதி வைக்க வேண்டும். வந்த பின் உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அடுத்து, ஒரு நாளில் நாற்பது முறை கண்ணாடி பார்ப்பவர் அதை முப்பதாக, பிறகு இருபதாகக் குறைக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு புள்ளியை மட்டும் பாராமல், ஓரடிக்கும் மேலான தொலைவில் நின்று முழு உருவத்தையும் பார்க்கப் பழக வேண்டும். தொடக்கத்தில் பதற்றம் கூடும். சடங்கைச் செய்யாமல் பொறுத்திருந்தால் அப்பதற்றம் தானாகவே தணியும். இதை உடலாலும் உள்ளத்தாலும் கற்றுக்கொள்வதே சிகிச்சை.

இரண்டாவது, செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் செயல்பாட்டைச் சீராக்கும் மருந்துகள். ஃப்ளுவாக்ஸெட்டின், எஸிட்டலோப்ராம் போன்றவை இவ்வகையின. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலான அளவு தேவைப்படலாம். பலன் தெரிய 12 வாரம், சில வேளை 16 வாரம்வரைகூட ஆகும். ‘ஒரு மாதம் சாப்பிட்டும் பயனில்லை’ என்று பாதியில் நிறுத்திவிடுவதே நாங்கள் மிகுதியாகக் காணும் தவறு. இவை தூக்க மாத்திரைகளோ அடிமைப்படுத்தும் மருந்துகளோ அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் முறைப்படியே குறைக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பரபரப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கவனித்து வர வேண்டும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

இந்நோயில் குடும்பத்தின் பங்கு பெரிது. நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில செயல்கள் நோய்க்குத் தீனியாகிவிடுவதும் உண்டு.

‘நீ அழகாகத்தானே இருக்கிறாய்’ என்ற ஆறுதல் அவற்றுள் முதன்மையானது. கேட்ட அந்தக் கணத்தில் மனம் அமைதியடையும். பத்து நிமிடத்தில் மீண்டும் கேள்வி பிறக்கும். ஒவ்வொரு முறை விடை சொல்லும்போதும் அடுத்த கேள்விக்கு நாமே வழி வகுக்கிறோம். வாதிடுவதாலும் பயனில்லை. “உனக்கு இது எவ்வளவு வேதனை தருகிறது என்று புரிகிறது. மூக்கைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இனி நான் விடை சொல்லப்போவதில்லை. வா, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்ப்போம்” என்று பரிவோடு சொல்லலாம். உளவியலாளரிடம் கலந்தாலோசித்து, வீட்டில் எல்லாரும் ஒரே விடையைச் சொல்வது நல்லது.

கேலியும் கண்டிப்பும் வேண்டாம். ‘வேலைவெட்டி இல்லாததால் வரும் நோய்’ என்பது அறியாமை. நோயாளியின் சார்பில் பெரியோரே எல்லா வேலைகளையும் செய்து கொடுத்து, அவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வழிசெய்வதும் நலம் தராது.

ஒரு மருத்துவர் மறுத்ததும், ‘செய்கிறேன்’ என்று சொல்லும் இன்னொருவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். தேடினால் யாராவது ஒருவர் கிடைப்பார். அதற்காக நகையை அடகு வைப்பதும் கடன் வாங்குவதும் வேண்டாம். வேறொரு நிபுணரின் கருத்தைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போது முந்தைய மருத்துவர் ஏன் மறுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும் மகளின் நிறத்தைப் பற்றியும், மகனின் வழுக்கையைப் பற்றியும் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசுகிறோம். திருமணத்துக்கு முன் ‘எதையாவது செய்துவிடுங்கள்’ என்று பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் உண்டு. அப்பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் முகத்தைப் பற்றிக் குறையே இருந்திருக்காது. அத்தகைய பேச்சால் மட்டுமே இந்நோய் வந்துவிடுவதில்லை. ஆயினும் நோய்க்கு ஆளாகக்கூடிய மனத்தில் அச்சொற்கள் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன.

‘இந்த முகத்தோடு வாழ்வதைவிடச் சாவதே மேல்’ என்பது போன்ற சொற்கள் வாயிலிருந்து வந்தால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். நோயாளியைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உளநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அந்த இளைஞர்

தாயாரின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. “அம்மா, உங்கள் மகனை நான் கைவிடவில்லை. அவருக்கு நோய் இருக்கிறது; அதற்கு மருந்தும் இருக்கிறது. அது என் அறையில் இல்லை, மேல்தளத்தில் இருக்கிறது. நானே உங்களோடு வருகிறேன்” என்றேன். அன்றே உளநலப் பிரிவு மருத்துவரிடம் மூவரும் சென்றோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். மறுத்துவிட்ட மருத்துவரிடம் திரும்பி வரலாம் என்ற உறுதி நோயாளிக்குத் தேவைப்படுகிறது.

முதல் இரண்டு மாதங்கள் கடினமாகவே கழிந்தன. ஒருமுறை மருந்தை நிறுத்திவிட்டார். ஒருமுறை வேறு ஊரில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் கடைசி நேரத்தில் தாயாரிடம் சொன்னார். எட்டு மாதங்களுக்குப் பிறகு அண்மையில் வந்தார். முகக்கவசம் இல்லை. குழல்விளக்குக்கு நேரே இருந்த நாற்காலியில் அமர்ந்தார். பகல் நேர வேலை ஒன்றில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது என்றார்.

“மேடு இன்னும் இருக்கிறதுதான், டாக்டர். சில நாள் காலையில் கண்ணாடி இழுக்கும். ஆனால் எட்டே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் நேரம் இல்லை” என்று சிரித்தார். தாயார் தம் கையைக் காட்டினார். அடகிலிருந்து மீட்ட வளையல்களில் இரண்டு அதில் இருந்தன.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இத்தகைய துன்பம் இருப்பதாகத் தோன்றினால், எந்தப் பிரிவுக்குச் செல்வது என்று குழம்ப வேண்டாம். ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை, தோல் மருத்துவம், உளநலம் ஆகிய எப்பிரிவில் பதிவு செய்தாலும், உரிய மருத்துவரிடம் உங்களை அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு. வரும்போது குடும்பத்தில் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். முன்பு பெற்ற சிகிச்சைகளின் ஆவணங்களையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.